மும்பை வடமேற்கு: 48 ஓட்டில் ஜெயித்தது யார்?

வாசகர் கேள்வி, 5 ஜூன் 2024, காலை

நேத்து ஒரு கட்டத்துல அமோல் கிர்த்திகர் ஜெயிச்சுட்டார்னு டிவியில ஓடுச்சு. ராத்திரி பார்த்தா ரவீந்திர வாய்க்கர் 48 ஓட்டுல ஜெயிச்சாராம். இவ்வளவு கம்மி வித்தியாசம்னா தானாவே எல்லா மெஷினையும் திரும்ப எண்ணணும், அதுதானே சட்டம்? ஏன் எண்ணல? சரி, கோர்ட்டுக்குப் போனா ஒரு மாசத்துல தீர்ந்துடும்ல?

5 ஜூன் 2024, மதியம்

இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை என்பதுதான். வித்தியாசம் 48 ஆனாலும் 4 ஆனாலும் நம் நாட்டில் தானாக மறு எண்ணிக்கை கிடையாது. யாராவது எழுதிக் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், தேர்தல் நடத்தும் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு தபால் ஓட்டில் இருக்கிறது: செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், ஒதுக்கியவை எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்த பிறகுதான் முடிவை அறிவிக்க வேண்டும்.

நேற்று நடந்ததை எண்களில் பாருங்கள். மெஷின் ஓட்டு: கிர்த்திகர் 4,51,095. வாய்க்கர் 4,51,094. ஒரே ஒரு ஓட்டு! தபால் ஓட்டு: கிர்த்திகர் 1,501, வாய்க்கர் 1,550. கூட்டினால் 4,52,596க்கு எதிராக 4,52,644. வந்துவிட்டதா 48? நோட்டாவுக்கு மட்டும் அங்கே 15 ஆயிரத்துக்கு மேல் விழுந்திருக்கிறது, அதை நினைத்துதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்னொரு வேடிக்கை. அந்தத் தொகுதியில் இதுவரை எம்பியாக இருந்தவர் கஜானன் கிர்த்திகர், தோற்ற அமோலின் அப்பா. சிவசேனா உடைந்ததில் அவரும் வாய்க்கரும் ஷிண்டே பக்கம். மகன் உத்தவ் தாக்கரே பக்கம். அப்பாவின் கட்சி மகனை 48 ஓட்டில் தோற்கடித்திருக்கிறது.

5 ஜூன் 2024, இரவு

"மும்பையை விடுங்க, இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டவருக்கு: பாக்கி எதுவும் இல்லை. கடைசியாக வந்தது மகாராஷ்டிராவின் பீட். பஜ்ரங் சோனவணே, பங்கஜா முண்டேயை 6,553 ஓட்டில் ஜெயித்தார் என்று இன்று விடிவதற்குள் அறிவித்துவிட்டார்கள். போட்டியே இல்லாமல் முடிந்த சூரத் போக 542 தொகுதி, 64 கோடிக்கு மேல் ஓட்டு, அத்தனையும் ஒரு பகல் ஒரு இரவில். இந்த வேகத்தைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் வாய்பிளக்கிறார்கள், நாமும் பெருமைப்படுகிறோம். எனக்கு அந்த வேகத்தின் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மோசடிச் சந்தேகம் இல்லை, அவசரத்தைப் பற்றிய சந்தேகம். அதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

6 ஜூன் 2024

நான் தென்மாவட்டத்தில் ஒரு கட்சிக்குக் கவுண்டிங் ஏஜென்டாக உட்கார்ந்தவன். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம், இப்போது அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு எண்ணும் இடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஒரு ஹால், பெரும்பாலும் 14 மேஜை. மேஜைக்கும் நமக்கும் நடுவில் கம்பி வலை. ஓட்டுகள் பதிவாகியிருக்கும் கன்ட்ரோல் யூனிட்டை எடுத்து சீலைக் காட்டுவார்கள், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய, நம் கையில் இருக்கிற 17சி படிவத்தோடு நம்பரை ஒத்துப்பார்க்கச் சொல்வார்கள், ரிசல்ட் பட்டனை அமுக்குவார்கள், ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்று திரையில் ஓடும். எழுதிக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் எல்லாரும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எழுதுவார்கள். பத்தாவது சுற்றுக்கு மேல் பாதிப்பேர் டீக்கு, மீதிப்பேர் போன் இல்லாத ஏக்கத்தில் அடுத்த மேஜைக்காரரிடம் "உங்க பக்கம் எவ்வளவு?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். ஜெயிப்பது தெரிந்த கட்சியின் ஏஜென்டுகள் மாலை போட ஓடிவிடுவார்கள், தோற்பது தெரிந்தவர்கள் வீட்டுக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1961ஆம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 63 என்று ஒன்று இருக்கிறது. எண்ணி முடித்ததும் மொத்தத்தைப் படிவம் 20இல் எழுதி அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு வேட்பாளரோ, அவர் இல்லாவிட்டால் அவருடைய தேர்தல் ஏஜென்டோ, ஏன், சாதாரண கவுண்டிங் ஏஜென்டோகூட மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக்கொடுக்கலாம். முழுவதற்கும் கேட்கலாம், ஒரு பகுதிக்கும் கேட்கலாம். அலுவலர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆனால் படிவத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த மனுவும் எடுபடாது. கையெழுத்துக்கு முன் "நியாயமான வாய்ப்பு" கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எத்தனை நிமிடம் நியாயம் என்று சொல்லவில்லை.

ஆக, அறிவிப்புக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில நிமிடம்தான் எல்லாம். நான் இருந்த ஒரு எண்ணிக்கையில் வித்தியாசம் சில நூறுதான். எங்கள் தலைமை ஏஜென்ட் வெளியே மைக் முன்னால் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே மொத்தத்தைப் படித்தார்கள், வெளியே வெடிச்சத்தம், பாதி காதில் விழவில்லை. "ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடுங்க" என்றார் அலுவலர், மரியாதையாகத்தான் சொன்னார். எங்களுக்கோ நாமே எழுதிக்கொடுக்கலாம் என்பதே தெரியாது. தலைமை ஏஜென்டைத் தேடி ஒருத்தர் ஓடினார். அவர் வந்து சேர்வதற்குள் கையெழுத்து ஆகிவிட்டது. பிறகு கட்சிக்காரர்கள் மூன்று வாரம் ஊர் முழுக்க "சதி" என்று பேசினார்கள்.

7 ஜூன் 2024

"மறுபடி எண்ணியிருந்தால் கிர்த்திகர் ஜெயித்திருப்பார்" என்று அடித்துச் சொல்பவருக்கு ஒன்று. மெஷினில் மறு எண்ணிக்கை என்றால் ரிசல்ட் பட்டனை இன்னொரு தடவை அமுக்குவது. எத்தனை தடவை அமுக்கினாலும் அதே எண்தான் வரும். எண் மாறக்கூடிய இடங்கள் வேறே. தபால் ஓட்டு. திரையில் ஓடியதைத் தாளில் எழுதும்போது வரும் பிழை. ஒதுக்கிவைத்த மெஷின். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது: ஓட்டுப்பதிவுக்கு முன் மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அதை அழிக்க மறந்துவிட்ட மெஷின்களைத் தனியே வைத்துவிடுவார்கள். அவற்றில் இருக்கும் ஓட்டுகளைவிட வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் அந்த பூத்துகளின் விவிபேட் சீட்டுகளை, அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சாகிப் பெட்டியில் விழும் தாள்களை, எண்ணுவார்கள்.

விவிபேட் எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்றுதான் தள்ளுபடி செய்தது. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து பூத் என்ற 2019 ஏற்பாடே தொடர்கிறது. புதிதாக ஒன்று கொடுத்தார்கள்: இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக்கொடுத்து, ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சதவீத மெஷின்களைச் சரிபார்க்கச் சொல்லலாம். செலவு கேட்டவர் தலையில், மெஷினுக்கு 40,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மெஷினில் தில்லுமுல்லு இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

7 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

விருதுநகரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். மாணிக்கம் தாகூர் 3,85,256, விஜய பிரபாகரன் 3,80,877, வித்தியாசம் 4,379. நாள் முழுக்க முன்னும் பின்னுமாக ஆடிய தொகுதி, பிரேமலதா மறு எண்ணிக்கை வேண்டும் என்கிறார். கேட்க உரிமை உண்டு. ஆனால் நாலாயிரம் ஓட்டைத் தபால் ஓட்டு புரட்டிப்போடாது, மேலே சொன்ன மற்ற இரண்டும் அநேகமாகப் புரட்டாது. 48 வேறு, 4,379 வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் கத்தினால் 48காரருக்குத்தான் நஷ்டம்.

2009 சிவகங்கையை ஒருவர் நினைவூட்டினார். ப.சிதம்பரம் தோற்றுவிட்டார் என்று டிவியில் ஓடி, பிறகு 3,354 ஓட்டில் ஜெயித்தார் என்று வந்தது. ராஜகண்ணப்பன் வழக்குப் போட்டார். வழக்கு முடிவதற்குள் அந்த மக்களவையே முடிந்துவிட்டது. மேலே முதல் கேள்வியில் "ஒரு மாசத்துல தீர்ந்துடும்ல" என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

17 ஜூன் 2024

ஓடிபி கதையைப் பற்றி எல்லாரும் அனுப்புகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கோரேகாவ் எண்ணிக்கை மையத்தில் வாய்க்கரின் உறவினர் ஒருவர் போன் வைத்திருந்தார், அதில் வந்த ஓடிபியால் மெஷின் திறக்கப்பட்டது என்று ஒரு பத்திரிகை எழுதியது. மெஷினுக்கு ஓடிபி கிடையாது, அது எதோடும் இணைந்ததும் இல்லை என்று தேர்தல் அலுவலர் நேற்று மறுத்தார். ஓடிபி வந்தது எண்களைக் கணினியில் ஏற்றும் என்கோர் தளத்துக்கு. பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டுவிட்டது.

ஆனால் ஒன்று அப்படியே நிற்கிறது. உள்ளே போனே கொண்டுவரக்கூடாது என்று எங்களைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்து அனுப்புவார்கள். அங்கே வேட்பாளரின் உறவினர் கையில் போன் எப்படி வந்தது? அதற்கு வழக்குப் பதிவாகியிருக்கிறது. இந்தச் சின்னக் கேள்வியை விட்டுவிட்டுப் பெரிய புளுகைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம், புளுகு அவிழ்ந்ததும் கேள்வியும் சேர்ந்து போய்விட்டது.

நிராகரித்த 111 தபால் ஓட்டை மறுபடி சரிபார்த்தோம் என்றும் அலுவலர் சொன்னார். மெஷினைத் திரும்ப எண்ணவில்லை. "ரீகவுண்ட்டில் கவிழ்த்தார்கள்" என்று இன்னும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

18 ஜூன் 2024

ஒரு ஓட்டில் தோற்றவர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார் தம்பி ஒருவர். மக்களவையில் எனக்குத் தெரிந்து குறைந்தது 9 ஓட்டு: 1989இல் அனகாபல்லி, 1998இல் ராஜ்மஹல். 2014இல் லடாக் 36. நம்ம பக்கம் 2019இல் சிதம்பரத்தில் திருமாவளவன் 3,219, அன்றைக்கு ராத்திரி பலர் தூங்கவில்லை.

ஒரு ஓட்டு சட்டமன்றத்தில் உண்டு. 2004 கர்நாடகா, சந்தேமரஹள்ளி. 2008 ராஜஸ்தான், நாத்துவாரா: சி.பி.ஜோஷி 62,215, கல்யாண் சிங் சௌகான் 62,216. ஜோஷி அப்போது மாநில காங்கிரஸ் தலைவர், ஜெயித்திருந்தால் முதல்வர் நாற்காலிக்கே பேர் அடிபட்டிருக்கும். சரிசமமாக வந்துவிட்டால் சீட்டுக் குலுக்கல்தான், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65வது பிரிவு. மக்களவைக்கும் அதே. 2017 மும்பை மாநகராட்சித் தேர்தலில் 220வது வார்டில் சமமாக வந்து, குலுக்கலில் பாஜகவின் அதுல் ஷா ஜெயித்தார். நம் கிராம ஊராட்சிகளில் இது சகஜம். நாலு நிறச் சீட்டைப் பிரித்துக் கட்டுக் கட்டாக எண்ணி, கடைசியில் வார்டு மெம்பர் பதவி ஒரு ஓட்டில் போன வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை.

20 ஜூன் 2024

அமெரிக்காவிலிருந்து எழுதும் அண்ணன், "எங்க ஊர்ல தானா ரீகவுண்ட், நீங்க கத்துக்கணும்" என்கிறார். கத்துக்கலாம். 2008 மினசோட்டா செனட் தேர்தலைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நார்ம் கோல்மன் முதலில் 215 ஓட்டு முன்னிலை, தானியங்கி மறு எண்ணிக்கை கையால் நடந்தது, ஜனவரியில் அல் ஃப்ராங்கன் 225 முன்னால் வந்தார், தவறாக ஒதுக்கிய தபால் உறைகளைப் பிரித்து எண்ணியதும் அதில் சேர்த்தி. வழக்கு, மூன்று நீதிபதிகள், கடைசியில் 312 ஓட்டு வித்தியாசம். மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது ஜூன் 30, 2009. ஓட்டுப் போட்டது நவம்பர்! ஜனவரியிலிருந்து ஆறு மாதம் அந்த மாநிலத்துக்கு ஒரு செனட்டர் குறைவு, அதுவும் 60 பேர் இருந்தால்தான் மசோதா நகரும் என்ற நேரத்தில்.

அங்கே நாற்காலி காலி, ஆனால் ஓட்டைப் பார்த்துவிடுகிறார்கள். இங்கே நாற்காலி நிரம்பிவிடுகிறது, ஓட்டைப் பார்ப்பதில்லை. நேற்றுவரை நம் முறைதான் தேவலை என்று நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை.

19 ஜூலை 2024

தேர்தல் வழக்குப் போட இன்றோடு கெடு, முடிவு வந்ததிலிருந்து 45 நாள். கிர்த்திகர் மும்பை உயர் நீதிமன்றம் போயிருக்கிறார். மெஷின் சரிபார்ப்புக்கு நாடு முழுக்க எட்டு மக்களவைத் தொகுதிகளிலிருந்து மட்டுமே விண்ணப்பம், நம் பக்கம் வேலூரும் விருதுநகரும். 40,000 ரூபாய் என்றதும் சத்தம் குறைந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

"உடனே உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் என்ன?" என்றவருக்கு: முடியாது. தேர்தலைத் தேர்தல் வழக்கு மூலம் மட்டுமே எதிர்க்கலாம் என்கிறது அரசியல் சட்டம் 329(பி). அதை உறுதிசெய்த முதல் வழக்கே நம் நாமக்கல்லில் இருந்து போனதுதான், 1952இல் பொன்னுசாமி வழக்கு. வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று போனார், தேர்தல் முடியட்டும், பிறகு தேர்தல் வழக்காகப் போடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, முயல்கிறார்கள்.

2 ஆகஸ்ட் 2024

ராதாபுரம் எங்கே என்று நெல்லைக்காரர்கள் மூன்று பேர் கேட்டாயிற்று. பக்கத்துத் தொகுதிக்காரன் நான், எப்படி மறப்பேன்.

2016 சட்டமன்றத் தேர்தல். இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49, மும்பையைவிட ஒன்று அதிகம். 203 தபால் ஓட்டைத் தள்ளிவிட்டார்கள். காரணம்: உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவருக்கு அந்தத் தகுதி இல்லையாம். போட்ட ஓட்டில் தப்பில்லை, உறையில் தப்பில்லை, பக்கத்தில் கையெழுத்துப் போட்ட வாத்தியார் யார் என்பதில் தகராறு. அப்பாவுவும் ஒரு காலத்தில் ஆசிரியர், அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

உயர் நீதிமன்றம் அந்தத் தலைமையாசிரியர்களின் சான்று செல்லும் என்றது, தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எப்போது? அக்டோபர் 2019. மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். எண்ணி முடித்த பிறகு, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை. 2021 தேர்தலே வந்துவிட்டது, அப்பாவு 5,925 ஓட்டில் ஜெயித்து சபாநாயகராகவும் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருடம் ராதாபுரத்துக்கு எம்எல்ஏ யாராக இருந்திருக்க வேண்டும் என்பது எண்ணி முடித்த கணக்காகவே இருந்தது, சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை சொல்லவில்லை.

இதனால்தான் ஜூன் 6ஆம் தேதிக் குறிப்பில் அந்தச் சில நிமிடத்தை அவ்வளவு இழுத்து எழுதினேன். ஆனால் அந்த நிமிடங்களை விடாமல் பிடித்தாலும், அலுவலர் அங்கேயே மறுத்துவிட்டால், கதை இப்படித்தான் போகும். ஆக ஏஜென்டுகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை.

21 டிசம்பர் 2024

கிர்த்திகர் மனு தள்ளுபடி. ஆறரை மாதம், நம் கணக்கில் இது மின்னல் வேகம். அசல் வாக்காளர் வருவதற்குள் வேறு ஆள் போட்டுவிட்ட 333 ஓட்டு என்பதுதான் மனுவின் முக்கியக் குற்றச்சாட்டு. சினிமா புண்ணியத்தில் 49பி (49P) விதி எல்லாருக்கும் தெரியும்: உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் தாளில் போடக் கொடுப்பார்கள். அந்தத் தாள் உறையிலேயே கிடக்கும், எண்ணிக்கை நாளில் அதைத் தொட மாட்டார்கள் என்பது சினிமாவில் அவ்வளவாக விளங்காது. நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். நீதிமன்றம் சொல்ல வேண்டுமானால், முடிவை அது எப்படி மாற்றும் என்று மனுவில் விவரமாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்பதுதான் தீர்ப்பு. நாத்துவாராவின் ஒரு ஓட்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2011இல் இதே ரகமாகத்தான் சொன்னது, மனுவில் இல்லாததை விசாரணையில் கிளப்பக்கூடாது என்று.

எனக்குக் கோபம்தான். ஆனால் 333 பேரும் யாருக்குப் போட்டார்கள் என்று எப்படி எழுதுவது? ரகசிய ஓட்டு. உறையைப் பிரித்தால்தான் தெரியும், தெரிந்தால்தான் பிரிக்கச் சொல்லலாம்.

27 செப்டம்பர் 2025

நல்ல செய்தி ஒன்று, சின்னதுதான். தபால் ஓட்டு எண்ணி முடியாமல் மெஷின்களின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக்கூடாது என்று ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. 2019 வரை கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது, அப்புறம் மெஷின் பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். போன வருடம் எண்ணிக்கைக்கு முன்னாலேயே எதிர்க்கட்சிகள் போய்க் கேட்டதும் இதைத்தான். 85 வயதுக்கு மேற்பட்டவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே போடுவதால் தபால் கட்டு முன்னைவிடப் பெருத்துவிட்டது.

15 நவம்பர் 2025

பீகார் பற்றிக் கேட்டவர்களுக்கு. சந்தேஷில் ஐக்கிய ஜனதா தளம் 27 ஓட்டில், ராம்கட்டில் பகுஜன் சமாஜ் 30 ஓட்டில். புது உத்தரவுக்குப் பிறகு முதல் பெரிய எண்ணிக்கை இது. அதற்குள் "27ல் திருடிட்டாங்க" என்றும் "27ன்னாலும் வெற்றி வெற்றிதான்" என்றும் இரண்டு கோஷ்டி இங்கே மோத ஆரம்பித்துவிட்டது. படிவம் 20 வரட்டும். எத்தனை தபால் ஓட்டைத் தள்ளினார்கள் என்ற கணக்கைப் பார்க்காமல் அந்த 27ஐப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.